அமாவாசைக்கு மட்டும் நின்ற சார்ஜ்

என் போனில் அமாவாசை அன்று மட்டும் சார்ஜ் நிற்கும். மற்ற வேலை நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவி வருவதற்குள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடும். சாயங்கால டீ வரும்போது உயிர் போயிருக்கும். இதை இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் போனால் என் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மாப்பிள்ளை கூடுவாஞ்சேரிக்காரர், சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது மற்றவர்கள் எழுதி வைத்ததில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. “தப்பு கண்டுபுடிக்கச் சம்பளம் வாங்கற ஆளைக் கட்டிகினு நீ இன்னா பாடு படப் போறியோ?” என்றாள் அம்மா. எனக்கோ பெண் பார்க்க வந்த அன்றே அவரைப் பிடித்துப்போய்விட்டது. தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்துவிட்டார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதைக் கடிக்கவும் முடியவில்லை, திரும்பத் தட்டில் வைக்கவும் முடியவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. நான் சமையற்கட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்தபோது முடிவும் பண்ணியிருந்தேன்.

பிடித்திருக்கிறது என்பதை அவரிடம் எங்கே வைத்துச் சொல்வது? அதுதான் பிரச்சினை. எங்கள் வீடு செங்கல்பட்டில், ஏரிப் பக்கம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. எனக்குப் போன் வந்தால் அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பாள். மரியாதைக்காக இல்லை, தனக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. அப்பா கண்ணைப் பேப்பரில் வைத்துக்கொண்டு காதை என் பக்கம் திருப்புவார். இந்த நான்கு காதுகளுக்கு நடுவில் ஒரு பெண் என்ன பேசிவிட முடியும்? “ம்.” “ஆச்சு.” “சரி.” “நீங்க?” “ம்.” வீட்டிலிருந்து நான் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சும் இவ்வளவுதான்.

ஆகவே எங்களுக்குக் கிடைத்த ஒரே தனியறை பஸ். நான் மாமல்லபுரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கார் புக்கிங்கும் ரூம் புக்கிங்கும் பார்க்கிறேன். வேலை முடிந்து பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதே நேரத்தில் அவர் சிறுசேரியில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றிக்கொண்டு வீடு போவார். அங்கே ஒரு ஜன்னலோர சீட்டு, இங்கே ஒரு ஜன்னலோர சீட்டு, இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அந்நியர்கள். நிச்சயமான பெண்ணுக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு கிடையாது.

முதல் சில வாரம் அப்படித்தான் போனது. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பஸ்ஸில் ஏசி ஒழுகி முன் சீட்டுக்காரர் தலையில் சொட்டியது. என் பஸ்ஸில் ஒருவர் கோழியோடு ஏறி, கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரிடம் நியாயம் பேசினார். இதற்கே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரு நாள் பேச்சு முடியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகும் பேசிக்கொண்டே நடந்தேன். எங்கள் தெரு முனையில் விளக்கு கிடையாது, நாய்கள் மட்டும் உண்டு.

“ஏன் இப்டி மூச்சு வாங்குது?” என்று கேட்டார்.

“இருட்டுங்க. எங்க வூடு வரைக்கும் ஓடிடுவேன்.”

அந்த வாரமே கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுகிறேன் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் போனை வாங்கி ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். போனின் முதுகில் விரலால் இரண்டு தட்டு தட்டினால் டார்ச் எரியும். இன்னும் இரண்டு தட்டு தட்டினால் அணையும். ஸ்க்ரீனைத் திறக்க வேண்டாம், இருட்டில் பட்டனைத் துழாவ வேண்டாம். அவர் போன பிறகு போர்வைக்குள் அதைத் தட்டித் தட்டி எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருட்டுக்குப் பயப்படுவேன் என்று என் அப்பாவுக்கே அதுவரை தோன்றியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே சமயத்தில் என் போனில் வேறு சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. கல்யாணத்துக்கென்று சொந்தக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். பொழுது விடிந்தால் ரோஜாப்பூவும் ‘இனிய காலை வணக்கமும்’ கொட்டும். போன் கம்பெனிக்காரன் ஒரு பெரிய அப்டேட் அனுப்பினான். தோழி ஒருத்தி மினுமினுப்பாக ஒரு கவர் வாங்கிப் போட்டாள். அப்புறம்தான் போன் சாக ஆரம்பித்தது. காலையில் நூறு, மத்தியானம் இருபது, சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி. பஸ்ஸில் நான் கையில் பிணத்தை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் அவர் ஒரு மணி நேரமும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சொல்லும் பெண்ணோடு பேசிக்கொண்டு போனார்.

ஆபீசில் சார்ஜ் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீசைப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரதம் போகும் வழியில் ஒரே ஓர் அறை. வாசல் பக்கம் முதலாளி, பின்சுவர் ஓரம் நான். வேலை செய்யும் ப்ளக் ஒன்றே ஒன்று, அது முதலாளியின் கம்ப்யூட்டருக்கே போதாது. அறைக்குள் சிக்னலும் கிடையாது. பின்சுவரில் இருக்கும் ஜன்னலில் மட்டும், அதுவும் ஜன்னலின் அடியில் இருக்கும் கருங்கல் பலகையில் போனைப் படுக்க வைத்தால் மட்டும், சிக்னல் கிடைக்கும். கையில் எடுத்தால் போய்விடும். புக்கிங் எல்லாம் என் போனுக்குத்தான் வரும் என்பதால் அது நாள் முழுவதும் அங்கேயே மல்லாக்கப் படுத்திருக்கும். போன் வந்தால் எடுக்காமல், படுத்த இடத்திலேயே ஸ்பீக்கரில் போட்டுக் குனிந்து பேசுவேன்.

அந்தக் கல் பலகை ஜன்னலோடு நிற்காமல் வெளியேயும் நீண்டிருக்கும். வெளியே ஒரு சிற்பப் பட்டறை. நீண்ட பலகைதான் அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணனுக்கு மேஜை. கையளவு பிள்ளையார்களை அதன்மேல் வைத்து உளியால் கொத்திக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் டக் டக், டக் டக் என்று சத்தம் வரும். அமாவாசைக்கு மட்டும் உளியைத் தொட மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தச் சத்தம் தலையில் விழுந்தது. பிறகு காதில் விழவே இல்லை.

போனுக்கு வைத்தியம் ஆரம்பமானது. அம்மாதான் முதல் டாக்டர். நிச்சயமான பெண், எல்லோர் கண்ணும் பட்டிருக்கும் என்று உப்பு மிளகாயை எடுத்து எனக்குச் சுற்றினாள். பிறகு ஒரு யோசனை வந்து போனுக்கும் சுற்றினாள். மிளகாய் விதை ஒன்று சார்ஜ் போடும் ஓட்டைக்குள் விழுந்து, அன்று ஏற வேண்டிய சார்ஜும் ஏறாமல் போனது. அதை எடுக்கப்போன கடையில் பேட்டரி உப்பியிருக்கும் என்று சொல்லிப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். புது பேட்டரி பழைய பேட்டரியைவிடச் சுறுசுறுப்பாகச் செத்தது. அவர் ஒரு பவர் பேங்க் வாங்கி அனுப்பினார். அன்று சாயங்காலம் கரண்ட் போனது, அம்மாவின் போனில் சீரியல் முக்கியமான கட்டத்தில் இருந்தது, பவர் பேங்க் அம்மாவோடு போய்விட்டது. அதை நான் பிறகு கண்ணால் பார்க்கவில்லை.

கடைசியில் டெஸ்டிங்காரரே லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வந்தார். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து என் போனை மேஜைமேல் கிடத்தினார். எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது போலிருந்தது.

“எது எவ்ளோ பேட்டரி குடிக்குதுன்னு போனே சொல்லும். இரு, பாக்கலாம்” என்றார்.

பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு வெட்ட ஆரம்பித்தார். தமிழ்க் காலண்டர் போனது. பஸ் டைமிங் போனது. என் முகத்தைச் சிவப்பாகக் காட்டும் கேமரா போனது. அம்மா மிட்டாய் உடைக்கும் கேம் போனது, அதற்கு வீட்டில் தனியாகத் திட்டு வாங்கினேன். கல்யாண குரூப்பின் வாயைக் கட்டினார். லொகேஷனை அணைத்தார். ஸ்க்ரீன் வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தார் என்றால், அதற்குப் பிறகு நான் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் மணி பார்க்க முடிந்தது. முடிவில் முகப்பில் வைத்திருந்த எங்கள் நிச்சயதார்த்தப் போட்டோவை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கினார்.

“போட்டோவையுமா?” என்றேன்.

“கறுப்பா இருந்தா கொஞ்சம் மிச்சமாகும்.”

அப்போது பட்டியலில் மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். “இது என்னங்க, உச்சியில கீது?”

“அது நான் போட்ட டார்ச் ஆப். அது ஒண்ணும் பண்ணாது, ரொம்ப லைட்டு” என்று அதைத் தாண்டிப் போய்விட்டார்.

நானும் தலையாட்டினேன். அந்த டார்ச்சைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மறுநாளும் போன் செத்தது. ஆனால் வார லீவில் நான் வீட்டில் இருந்தபோது சார்ஜ் நன்றாக நின்றது. உடனே அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே இளைத்துவிடும், அதனால் குற்றவாளி என் ஆபீஸ். வேலையை மாற்று என்றா சொல்வது? அதோடு விசாரணை நின்றது.

இதற்கிடையில் கூடுவாஞ்சேரியில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அவருக்கு ஓய்வு கிடைப்பது சாயங்காலம்தான். அப்போது எனக்குப் போன் செய்வார், புடவைக் கலர் கேட்க, வளையல் அளவு கேட்க. ஒரு நாள்கூட நான் கிடைத்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் போட்டு நான் திருப்பிக் கூப்பிட்டால், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க, “ம்” என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வராது. சாயங்காலம் ஆனால் ஸ்விட்ச் ஆஃப், பேசினால் ‘ம்’. பெண்ணுக்கு விருப்பம் இல்லை என்று யாருக்குத்தான் தோன்றாது?

அப்போதுதான் அந்த அமாவாசை வந்தது. ஆபீசுக்குப் போனேன். போனை வழக்கம்போல ஜன்னலில் படுக்கப்போட்டேன். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, அன்று என்னவோ அந்த இடம் சுகமாக இருக்கவே, பலகைமேல் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் போனில் எழுபது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், எழுபதுதான். பஸ் ஏறும்போதும் அறுபதுக்கு மேல் இருந்தது. சீட்டில் உட்காரும் முன்பே அவரைக் கூப்பிட்டேன்.

“ஹலோ” என்றார் பயந்துபோய். “யாருக்கு என்னாச்சு?”

“போனு உசுரோட கீதுங்க!”

இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். என் பக்கத்து சீட்டுக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் போன மாதமும் இப்படி ஒரு நாள் பேசினோமே, அன்றும் வடைக் கதைதான் சொன்னாய் என்று அவர் நினைவு வைத்துச் சொன்னார். ஆமாம், அன்றும் அமாவாசை. டெஸ்டிங்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், குரலிலேயே தெரிந்தது. அதே ஆபீஸ், அதே ஜன்னல், அதே சிக்னல். அப்படியானால் சிக்னல் குற்றவாளி இல்லை.

“அமாவாசைக்கும் பேட்டரிக்கும் இன்னாதான் சம்பந்தம்?” என்றார்.

“எங்கம்மாவைக் கேட்டா முன்னோர் ஆசீர்வாதம்னு சொல்லும்.”

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன்” என்றார். நான் காத்திருந்தேன். “சரி, அப்புறம் கேக்கறேன்” என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போன பிறகும் அந்த வாக்கியம் என் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனவர் இந்தக் கண்டுபிடிப்பைப் பெருமையாகத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அத்தை மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். “அமாவாசைக்கு அமாவாசைதான் பேசுமா? இன்னா பொண்ணுடா அது?”

மறுநாள் காலையில் நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: அம்மா உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அமாவாசைக்கு அடுத்த நாள் பாட்டிமை, அதாவது பிரதமை. பாட்டிமையில் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். அப்படியானால் அத்தை வருவது நல்ல காரியத்துக்கு இல்லை.

வந்தார். ரயிலில் செங்கல்பட்டு வந்து, பஸ் பிடித்து, வெயிலில் நடந்து வந்திருந்தார். முதலாளி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அத்தை அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். சுற்றி வளைக்கவில்லை.

“இத பாரும்மா. புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா யாருக்கும் கெட்ட பேரு இல்ல. எம்புள்ள வாயத் தொறந்து சொல்ல மாட்டான், ராத்திரி சோத்தப் பெசஞ்சிகினே ஒக்காந்துகினு கீறான்.”

அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஐயோ அத்தை, போனு செத்துடுது. சத்தியமா” என்றேன்.

“போனு செத்துடுதா. எங்க காட்டு.” குனிந்து ஜன்னலில் இருந்த போனைப் பார்த்தார். ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தது. “நிச்சயப் போட்டோவக் கூட எடுத்துட்டியா!”

“அவருதான் எடுத்தாரு அத்தை. கறுப்பா இருந்தா சார்ஜ் மிச்சமாம்.”

“அவன் மூஞ்சிய அவனே எடுத்தானா?” அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. “சரி. நானே ஒக்காந்து பாக்கறேன். நீ கை வெக்காத.”

அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்ப்பது போல, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு போனையே பார்த்தார். நான் தள்ளி நின்றேன். முதலாளி வேலை பார்ப்பதாகப் பாவனை பண்ணினார். அவ்வப்போது அத்தை ஒரு விரலால் ஸ்க்ரீனைத் தொட்டு எண்ணைப் படித்தார். “தொண்ணூறு.” சற்று நேரம் கழித்து, “எம்பத்தேழு.” அப்புறம், “யம்மா, எம்பத்திரண்டு!” அவர் குரலில் இருந்த சந்தேகம் மெல்ல என்மேலிருந்து போனின்மேல் போவது எனக்கே தெரிந்தது. “யாருமே தொடல, எறங்கிகினே கீது! பேய் புடிச்ச போனா இது?”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர்தான்.

“எடுக்காதீங்க அத்தை, எடுத்தா கட் ஆயிடும், அங்கியே வெச்சி…”

நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அதை ஆன் பண்ணி, ஸ்பீக்கரிலும் போட்டு, வெடுக்கென்று எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துவிட்டார். அதன் முதுகிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் அறைக்குள் பாய்ந்து, முதலாளி தலைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தில் போய் விழுந்தது. முதலாளி திடுக்கிட்டு நிமிர்ந்தார். முருகன் முகத்தில் மட்டும் ஒளி. அவர் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“டார்ச்!” என்று கத்தினேன்.

நாள் முழுக்க மல்லாக்கப் படுத்திருக்கும் போன். அதன் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் டார்ச் எரிந்தால் யாருக்குத் தெரியும்? யார் தட்டி எரியவிட்டது என்று நான் யோசிக்கும்போதே, ஜன்னலுக்கு வெளியே வழக்கமான சத்தம் கேட்டது. டக் டக். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அது என் காதில் விழுந்தது.

போனை வாங்கி அதே பலகையில் குப்புறப் போட்டேன், விளக்கு மேலே தெரியும்படி. எரிந்துகொண்டிருந்தது. டக் டக். அணைந்தது.

அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். டக் டக். எரிந்தது.

“அடி ஆத்தி” என்றார் அத்தை. இது உங்கள் பிள்ளை போட்டுக் கொடுத்த ஆப், மற்றதையெல்லாம் அழித்தவர் இதை மட்டும் விட்டுவைத்தார் என்றேன்.

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். “அண்ணே, இன்னொரு வாட்டி தட்டுங்க!”

பட்டறை அண்ணன் பயந்துவிட்டார். “சத்தம் ஜாஸ்தியாம்மா? கொறச்சிக்கறேன்.”

“கொறைக்காதீங்க! அதே மாதிரி ரெண்டு தட்டு!”

தட்டினார், அணைந்தது. தட்டினார், எரிந்தது. அவர் பிள்ளையாரை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தன் உளிச் சத்தத்துக்கு ஒரு விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்ததும் அவருக்கு வாய் காது வரை போனது. திரும்பப் போய் இன்னும் நாலு தட்டு தட்டினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. “இரு இரு, நானு” என்று தண்ணீர் குடித்த டம்ளரால் பலகையைத் தட்டினார். எரியவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். எரிந்தது. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். முதலாளி வந்து ஸ்டாப்ளரால் தட்டினார். காஞ்சிபுரத்துக்குக் கார் கேட்க வந்த இருவர் வாசலில் நின்று, இந்த ஆபீசில் கார் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில், உடனே பலகைக்குத் திரும்பிவிட்ட போனில் லைன் கட் ஆகவில்லை என்பதே யாருக்கும் நினைவில்லை. போனுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. “அம்மா? ஹலோ? இன்னா அடிக்கற சத்தம்? அம்மா, அவளை ஒண்ணும் சொல்லாத, நான் வரேன்!”

அத்தை போன்மேல் குனிந்தார். கிரைண்டருக்கு மேலே பேசும் குரல் முழுசாக வெளியே வந்தது. “டேய்! ஊரு தப்பெல்லாம் கண்டுபுடிக்கற ஆளு! அந்தப் பொண்ணு போன்ல கீறதெல்லாம் அழிச்சியே, நீ போட்டத அழிச்சியா?”

நான் நடந்ததைச் சொன்னேன்.  பிறகு, “பட்டியல்ல உச்சியில இருந்துச்சு…” என்று அந்தப் பக்கமிருந்து ஈனக் குரலில் வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாப்பிள்ளை அப்போது நேரில் இருந்திருந்தால் அவர் முதுகில் நான் இரண்டு தட்டு தட்டியிருப்பேன்.

“உடனே அந்த ஆப்பை எடுத்துடு” என்றார்.

“எடுக்க மாட்டேன்” என்றேன். அத்தை முன்னால் இப்படிப் பட்டென்று பேசுவேன் என்று எனக்கே தெரியாது. டிபன் பாக்ஸ் சுற்றும் துண்டை எடுத்து நாலாக மடித்துப் பலகையில் போட்டேன். அதன்மேல் போனை வைத்தேன். அண்ணன் தட்டிப் பார்த்தார். எரியவில்லை. அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

சிரித்துச் சிரித்து அத்தைக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. துடைத்துக்கொண்டு என் மோவாயைப் பிடித்தார். “இன்னா இன்னாவோ நெனச்சிகினு வந்தேம்மா. பாட்டிமைன்னு தெரிஞ்சேதான் வந்தேன்.” பிறகு, “மொதல்ல அந்தப் போட்டோவ வையி. எம்புள்ள கறுப்புதான், அதுக்குன்னு இவ்ளோ கறுப்பில்ல” என்றார். வைத்தேன். மத்தியானம் என்னோடு சாப்பிட்டுவிட்டு, பட்டறை அண்ணனிடம் ஒரு கையளவு பிள்ளையாரை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறினார்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது போனில் அறுபத்தைந்து இருந்தது. முகப்பில் அவர் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு முறைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஹலோ.”

“ஹலோ.”

அவ்வளவுதான். அத்தனை நாள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் பேசி வைத்த பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இப்போது சார்ஜ் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சொல்ல ஒரு வார்த்தை இல்லை. “சாப்டியா?” என்றார். “சாப்டேன்” என்றேன். திருக்கழுக்குன்றம் வந்தது, போனது. யாரும் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, அவர் பஸ் ஹாரன் கேட்டது. எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்தது. விக்கலைக் கேட்டு அவர் சிரித்தார்.

செங்கல்பட்டில் இறங்கி, லைனிலேயே இருந்துகொண்டு, எங்கள் தெரு முனைக்கு வந்தேன். இருட்டு. போன் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். வெளிச்சம் விழுந்தது. நாய்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வழிவிட்டன. ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்து நடந்தேன்.

“நேத்து ஒண்ணு கேக்கணும்னு சொன்னேனே” என்றார்.

“கேளுங்க.”

“டெய்லி ஸ்விட்ச் ஆஃப்னு வரும்போது… நீயா வேணும்னே ஆஃப் பண்றன்னு நெனச்சேன். பேட்டரின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன், ஆனா உள்ளுக்குள்ள அப்டித்தான் நெனச்சேன். இதுல உனக்கு இஷ்டம்தானே?”

என் கால் நின்றுவிட்டது. சமையற்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முடிவு பண்ணின விஷயம் இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியவே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

“இஷ்டம்தான்” என்றேன்.

“ஹலோ? கேக்கல. உன் தெரு வந்தாலே சிக்னல் வுட்டு வுட்டு வருது.”

“இஷ்டம்னேன்!”

“ஹலோ?”

போனை இரண்டு கையாலும் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டேன். டார்ச் தெருவெல்லாம் ஆடியது. “இஷ்டம்! எனக்கு இஷ்டம்னு சொல்றேன்! பஜ்ஜி கையில வெச்சிகினு முழிச்சீங்களே, அன்னைலேர்ந்து இஷ்டம்!”

வழிவிட்ட நாய்கள் திரும்பிப் பார்த்தன. ஒரு மாடி ஜன்னல் திறந்தது. “கேட்டுச்சும்மா, வூட்டுக்குப் போ” என்றது ஓர் ஆண் குரல். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

அம்மா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் அப்பா, கையில் பேப்பர்.

“இப்ப கேட்டுச்சு” என்றார் அவர் போனில்.  “இன்னொரு வாட்டி சொல்லேன். மெதுவா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன்.

“ம்” என்றேன்.